ஆட்டுரல் சத்தம்

அக்கா,

இரண்டு நாளாகச் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் என் கையிலிருந்து துருவாடை போகவில்லை. உன் தகரப் பெட்டியின் பிடியைப் பிடித்த கை இது. அந்த வாடைதான் என்னை இந்தக் கடிதத்துக்கு முன்னால் உட்கார்த்தி வைத்திருக்கிறது. நீ எழுத்து அறியாதவள். இருந்த காலத்தில் எழுதியிருந்தால் வேறு யாராவது உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். இது அடுத்தவர் வாயால் படிக்கத் தகுந்த சங்கதி இல்லை. நீ போன பிறகு எழுதுவதில் அந்த ஒரு வசதி இருக்கிறது.

வளவு வீட்டைக் காலி செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போய் வருஷம் திரும்பிவிட்டது. இனி ஒற்றையில் கிடக்க வேண்டாம் என்று மகள் செல்லம்மாள் திருமங்கலத்திலிருந்து புருஷனையும் மாட்டு வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். பானை சட்டி, பாய், அவருடைய இரண்டு மில் சட்டைகள், என் அம்மி எல்லாம் ஒரே வண்டியில் அடங்கிவிட்டன. கடைசியாக ஏற்றியது உன் பெட்டி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மில்லுக்குப் போகிற சாலையில் இருந்த அந்த வளவில் நாம் எப்படித்தான் காலம் தள்ளினோமோ! ஒன்பது குடித்தனத்துக்கு ஒரே முற்றம், ஒரே கிணறு. வீட்டுக்கு வீடு சுவர் இருந்தது என்று பெயர்தான். எந்தச் சுவரும் ஓடு வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கை எட்டி நின்றுவிடும். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் நூறு வயசு என்பார்கள். வரிசையில் என் வீடு கடைசி. அடுத்தது உன்னுடையது. அதற்கடுத்து பிச்சையம்மாள். அவளுக்கு எட்டியது வளவு முழுக்க எட்டியதுபோலத்தான்.

பிச்சையம்மாளை மட்டும் சொல்வானேன், நான் மட்டும் என்ன வாழ்ந்தது? அவள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது அவள் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். யாருக்குக் கடிதாசி வந்தது, யார் மருமகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், எல்லாம் பொழுது ஏறுவதற்குள் என் காதுக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நீ குடிவந்த முதல் வாரமே நம் நடுச்சுவரில் காதை வைத்துப் பார்த்தவள் நான். உனக்கு இது தெரிந்துதான் இருக்கும்.

நீ விடியலில் எழுந்து ரயிலேறிச் சோழவந்தானுக்குப் போவாய். கொடிக்காலில் வெற்றிலை வாங்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடி, மதுரைத் தெருக்களில் விற்றுவிட்டு உச்சிப்பொழுதுக்குத் திரும்புவாய். யாருடைய வீட்டு வாசலுக்கு வந்தாலும் நாலு அடி தள்ளி நின்று ஒரு தரம் செருமுவாய். கூப்பிடுகிற வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். கதவே இல்லாத சமையலிடத்துக்கு எதற்கு இந்த மரியாதை என்று எங்களுக்குச் சிரிப்பாக வரும். கிணற்றடியில் உன்னைப்போலவே செருமிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தது யார் தெரியுமா? அதுவும் நான்தான்.

அடுத்தவர் வீட்டுச் சங்கதியெல்லாம் தோண்டிக்கொண்டிருந்த என்னிடமும் ஊர் அறியக் கூடாத ஒன்று இருந்தது. அவருக்கு வலிப்பு. கல்யாணமான மூன்றாம் மாதம்தான் எனக்கே தெரிந்தது. மில்லில் பஞ்சுக் கிடங்கில் வேலை. விடியலில் போய் மதியத்துக்கு மேல் வருவார். வெறும் வயிற்றோடு வெயிலில் நடந்து வந்த நாட்களில், வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றும்போது வரும். தொண்டையிலிருந்து ஆடு கத்துவதுபோல ஒரு சத்தம். விழுவார். குதிகால் இரண்டும் தரையில் அடித்துக்கொள்ளும். நான் தலையைத் தாங்கிப் பிடிப்பேன். செல்லம்மாள் ஓடிவந்து அப்பாவின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பாள். அப்போது அவளுக்கு ஏழெட்டு வயதுதான், அழக்கூடாது என்று பழக்கி வைத்திருந்தேன். வெளியில் தெரிந்தால் மில்லில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வளவில் வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண்ணை எவன் கட்டுவான்? என் பிழைப்பு முழுவதும் அந்தச் சத்தம் சுவரைத் தாண்டாமல் இருப்பதில்தான் இருந்தது.

உன் வீட்டிலிருந்து ஆட்டுரல் சத்தம் எப்போது தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை. முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் உரல் கிடந்தது. நீ மட்டும் ஊரிலிருந்து வரும்போதே தனி உரல் கொண்டுவந்து வீட்டுக்குள் போட்டிருந்தாய். மகாராணிக்குத் தனி உரல் என்று அதற்கும் ஒரு பேச்சு நடந்தது. மாதத்தில் மூன்று நாலு நாள், மதியத்துக்கு மேல், நினைத்தாற்போல் கடகடவென்று ஆட்டுவாய். வளவில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் இட்லிக்கு ஆட்டுவார்கள். ஒற்றை வயிற்றுக்கு எம்புட்டு மாவு வேணும், என்ன பலகாரம் சுட்டுத் தின்கிறாள் என்று பிச்சையம்மாள் கணக்குப் போடுவாள். நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

எனக்கு வேறொரு கோபமும் இருந்தது. அவர் விழுந்து எழுந்து துவண்டு கிடக்கிற நேரமாகப் பார்த்து நீ ஆட்டுகிறாயே என்று. ஒரு நாள் கிணற்றடியில் எல்லோரும் இருக்கும்போது உன்னைப் பிடித்துக்கொண்டேன். மனிதர் வேலைக்குப் போய் வந்து கண்ணயர முடியவில்லை, சொந்த உரல் இருந்தால் இப்படியா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

“மாவத்தான் ஆட்டுறியா, இல்ல கல்ல ஆட்டுறியா?” என்று கேட்டேன்.

நீ வாளியை இறக்கி வைத்துவிட்டு, “இனிமே பாத்து ஆட்டுறேந்தா” என்றாய். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர் விழுந்தபோது உரல் மறுபடியும் சுற்றியது. எனக்கு இருந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவர் தலையைத் தாங்கியபடியே உன்னைத் திட்டினேன்.

பிறகு ஒரு நாள் முற்பகலில் அம்மி, ஆட்டுரல் கொத்துகிறவர் குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் வந்தார். பொது உரலைக் கொத்தி முடித்ததும், உன் உரலையும் கொத்திவைப்போம் என்று பிச்சையம்மாள் சொன்னாள். நீ வெற்றிலைக் கூடையோடு போயிருந்தாய். உனக்கு உபகாரம் செய்வதாகப் பேச்சு. உள்ளே என்ன வைத்துத் தின்கிறாய் என்று பார்ப்பதுதான் எண்ணம். உன் கதவுக்குப் பூட்டு கிடையாது, சங்கிலிதான். சங்கிலியை எடுத்துவிட்டது என் கை. இத்தனை வருஷம் கழித்தும் அதை வேறு மாதிரி எழுத எனக்கு வழியில்லை.

உள்ளே ஒரு பாய், ஒரு மண்பானை, இரண்டு சேலை தொங்கும் கொடி, மூலையில் பூட்டிய தகரப் பெட்டி. பிச்சையம்மாள் பானையைத் திறந்து பார்த்தாள். அடியில் கையளவு கேழ்வரகு கிடந்தது. பலகாரம் செய்கிற வீடாக அது தெரியவில்லை. கல் கொத்துகிறவர் உரல் குழிக்குள் கையை விட்டுத் தடவினார். விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“இதுல யாரும் மாவு ஆட்டலையே தாயி. வெறுங்கல்லச் சுத்திச் சுத்தி, கல்லு கல்லத் தின்னுருக்கு” என்றார்.

பிச்சையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் அந்தக் கணம் விளங்கவில்லை. கண் தானாகத் தரைக்குப் போனது. சாணம் மெழுகிய தரையில் எதிர் மூலையிலிருந்து ஓர் இழுவைத் தடம் வந்தது. மெழுகி மெழுகியும் மறையாத பள்ளம். அவ்வளவு பெரிய கல்லைத் தனி ஒருத்தியாக இழுத்துக்கொண்டுவந்து என் வீட்டுச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தாய். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் அவர் விழுகிற இடம். எந்தெந்த நாளில் நீ ஆட்டினாய் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் அவர் விழுந்த நாட்கள். அடுத்தவர் வீட்டு ரகசியத்தைத் தெரிந்துகொண்ட மனுஷி அதை வைத்து இப்படியும் ஒன்று செய்ய முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே கிடையாது.

அப்போதுதான் வெளியில் செருமல் கேட்டது.

உன் வீட்டு வாசலில், உன் சொந்த வீட்டு வாசலில், நாலு அடி தள்ளி நின்று நீ செருமினாய் அக்கா. செருமிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பானையை மூடிவைக்கவும், நாங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வரவும் எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாய். திருட வந்தவர்களுக்கும் வெட்கப்படாமல் வெளியேற ஒரு வழிவிட்டு நின்ற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

பிச்சையம்மாள் விடவில்லை. வெறும் கல்லை எதற்குச் சுற்றுகிறாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். அதற்குள் முற்றத்தில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். நீ என்ன சொல்லப்போகிறாயோ, அதில்தான் அவர் வேலையும் என் மகள் வாழ்வும் இருந்தன. நீ கூடையை இறக்கி வைத்தாய்.

“எனக்கு வாய்வுத் தொந்தரவு. ஒரு வைத்தியரு வெறுங்கல்லச் சுத்தச் சொன்னாரு. சுத்துனா எறங்குது” என்றாய்.

முற்றமே சிரித்தது. அன்றிலிருந்து உனக்கு வாய்வுக்காரி என்று பெயர் விழுந்தது. சின்னப் பிள்ளைகள்கூட அப்படிக் கூப்பிட்டன. நீயும் திரும்பிப் பார்த்தாய். சொன்னபோதும், அவர்கள் சிரித்தபோதும், நீ எல்லோர் முகத்தையும் பார்த்தாய், என் முகத்தைத் தவிர. பார்த்திருந்தால், எனக்கு விளங்கிவிட்டது என்பது உனக்குத் தெரிந்துபோயிருக்கும். அதைக்கூட எனக்கு மிச்சம் வைத்தாய்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் ஒரு கிண்ணம் கம்பை ஊறவைத்து உன் வாசலில் வைத்தேன். வைக்கும் முன் நாலு அடி தள்ளி நின்று செருமினேன். கேலிக்கில்லாமல் முதல் தடவை செருமினதால் அது இருமலாகப் போய்விட்டது. சாயங்காலம் கம்பு மாவாகத் திரும்பி வந்தது, மேலே நாலு வெற்றிலையோடு. வாரம் ஒரு தரம் ஆட்டுவதற்கு உனக்குக் கம்பு கிடைத்தது. மற்ற நாட்களில் வெறும் கல்தான் சுற்றியது.

உன்னிடமும் ஒன்று இருந்தது. வருஷத்தில் ஒரு நாள், ஆடி அமாவாசையன்று, பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொள்வாய். பெட்டியின் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கும். அரை மணி நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு பூட்டுகிற சத்தம். அந்த அரை மணி நேரத்துக்காக நான் முன்பெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். கல் கொத்துகிறவர் வந்துபோன வருஷம், அந்தப் பூட்டுச் சத்தம் கேட்டதும் எனக்குக் காது அரித்தது உண்மை. எழுந்து முற்றத்துக்குப் போனேன். எனக்கென்று தனி உரலா இருக்கிறது? இருந்தது வாய் ஒன்றுதான். என் மாமியார் ரயிலில் தூங்கிப்போய்த் திண்டுக்கல்லில் இறங்கிய கதையை எடுத்துவிட்டேன். ஒன்பது வீட்டுப் பெண்களும் கிணற்றடிக்கு வந்து சிரித்தார்கள். உன் கதவு திறக்கிற வரைக்கும் மாமியாரை நான் ஊர் திரும்ப விடவில்லை. அதற்குப் பிறகு ஆடி அமாவாசைதோறும் எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தது.

இதை மட்டும் எழுதி முடித்தால் நான் நல்லவளாகிவிடுவேன். செல்லம்மாளைப் பெண் பார்க்க வந்த நாளையும் எழுத வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வெற்றிலைத் தட்டை எடுக்கச் சமையலிடத்துக்குப் போனார். அந்தச் சத்தம் வந்தது. நான் திரும்புவதற்குள் உன் உரல் சுற்றத் தொடங்கிவிட்டது. அதுவரை நீ அப்படிச் சுற்றியதில்லை, ஓடெல்லாம் அதிர்ந்தது. செல்லம்மாள் தண்ணீர் எடுப்பவள்போல எழுந்து உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தாள்.

“யாரு அது, இந்நேரத்துல?”

“பக்கத்து வீட்டுக்காரி. அது ஒரு அரக்கிறுக்கு” என்றேன்.

உரக்கத்தான் சொன்னேன். சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே. ஓடு வரைக்கும் போகாத சுவர். உரல் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. பிறகு முன்னைவிடப் பலமாகச் சுற்றியது. அவர் முகம் கழுவிக்கொண்டு, வெயிலில் தலைவலி என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருகிற வரைக்கும் சுற்றியது. அன்றைக்கே பேசி முடித்து நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். மருமகனுக்குப் பின்னாளில் விஷயம் தெரிந்தது. அவரும் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

மறுநாள் காலை உனக்கு முன்னால் கிணற்றடியில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கு என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது? சொன்னால், இத்தனை வருஷம் நீ மூடி வைத்ததை நானே திறந்துபோட்டதாகும். வாளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நின்றேன். உன் உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“நிச்சயத்துக்கு வெத்தல நான் கொண்டாரேன். வெளிய வாங்கிறாத” என்றாய், வாளியைக் கிணற்றில் விட்டபடி. அந்த வெற்றிலையைத்தான் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டோம்.

யுத்த காலத்தில், அரிசிக்கு எல்லோரும் வரிசையில் நின்ற வருஷத்தில், உனக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தே நாள். நான்தான் கஞ்சி ஊற்றினேன். நாலாம் நாள் இடுப்புக் கயிற்றிலிருந்து பெட்டிச் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தாய். மேலே ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன்.

“தொறக்கவாக்கா, வேணாமா?” என்று நானே கேட்டேன்.

“அது ஒம் பொறுப்புத்தா” என்றாய்.

யாரிடம் கொடுக்கிறாய் என்று தெரிந்துதானே கொடுத்தாய்? உன் கதவுச் சங்கிலியை எடுத்துவிட்ட கை இது. அந்தக் கையிலேயே சாவியை வைத்தாய்.

உன்னை இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் பிச்சையம்மாளும் மற்றவர்களும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். திறந்து பார்த்தால் சொந்தபந்தம் யார் என்று தெரியும் என்றார்கள். சோழவந்தானுக்கு ஆள் விட்டுப் பார்த்தாயிற்று, உனக்கென்று யாரும் வரவில்லை. அவர்கள் கண்ணில் இருந்தது எனக்குப் பழக்கமான பசி. அதே பசி எனக்குள்ளும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பெட்டிமேல் கையை வைத்தேன்.

“இது எம் பெட்டி. அக்காகிட்டக் குடுத்து வச்சிருந்தேன்” என்றேன்.

ஒருத்தியும் நம்பவில்லை. செத்தவள் பெட்டிமேல் ஆசைப்பட்டவள் என்று எனக்குப் பெயர் வந்தது. வளவை விட்டு வருகிற நாள் வரைக்கும் அந்தப் பெயர் என்னோடு இருந்தது. அவர்கூட ஒரு தரம் கேட்டார். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். எதற்காக நீ உரல் சுற்றினாய் என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்று ஒன்று இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டியை நான் திறக்கவில்லை அக்கா. சாவி என் சுருக்குப் பையில் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று மட்டும் பெட்டியைத் துடைத்து ஒரு வெற்றிலை வைப்பேன். மற்றவர் வீட்டில் என்ன குழம்பு என்று எனக்கு இன்னும் தெரியத்தான் செய்கிறது. பிறவிக் குணம் போகுமா? தெரிந்ததை என்ன செய்வது என்பதுதான் மாறியிருக்கிறது.

முந்தாநாள் மருமகனும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் சாய்ந்தது. துருப்பிடித்த பிடி அறுந்துவிடாமல் நானும் ஓடிப்போய்ப் பிடித்தேன். அப்போது உள்ளே ஏதோ ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருண்டது. சின்னது, மரமாகவோ வெண்கலமாகவோ இருக்க வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுக்கிற ஏதோ போல... இல்லை, நான் நினைக்கவில்லை. மருமகன் காதைத் திருப்பினார். “உள்ள என்னம்மா?” என்று செல்லம்மாள் கேட்டாள்.

நான் பேசத் தொடங்கினேன். மாட்டுக்கு லாடம் சரியில்லை என்றேன். கயிற்றைக் கட்டத் தெரியவில்லை என்று வண்டிக்காரரை வைதேன். வண்டி நகர்ந்ததும் மாமியாரைத் திண்டுக்கல்லில் இறக்கினேன். சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டிக்குள் அது உருண்டது; ஒவ்வொரு பள்ளத்துக்கும் குரலை உயர்த்தினேன். திருமங்கலம் வருகிற வரைக்கும் வாயை மூடவில்லை. பாதி வழியில் செல்லம்மாள் புருஷன் பக்கம் குனிந்து, அம்மாவுக்கு வயசாக ஆக மூளை ஒரு மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது என்று மெல்லச் சொன்னாள். அது என் காதில் விழுந்தது.

நான் நிறுத்தவில்லை அக்கா.